கீழ்வயலுக்குப் பூசிய பச்சை

பச்சை நிறத்தை நான் எப்படிக் கலக்கிறேன் என்று சொல்லித்தரும்படி உங்களில் சிலர் போன வாரம் வந்து கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். கடையில் குழாயில் விற்கிற பச்சையை அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்து, அதில் துளி காவியை விட்டால் நெல்வயலின் பச்சை வரும். நட்டுப் பிடித்த பயிருக்கு மஞ்சள் கூடுதல். கதிர் உள்ளே திரண்டு பொதிகட்டிய பயிருக்கு நீலம் கூடுதல். இதற்கு நான் எதற்கு? பிசானம் என்கிற மழைக்காலப் போகம் முழுக்க வரப்பில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் கண்ணே சொல்லிக் கொடுத்துவிடும்.

ஆனால் பச்சை என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. தலைக்குள் சூடு ஏறுகிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். அப்பா கிறிஸ்தவ மிஷனில் உபதேசியார். நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக உட்கார்ந்துவிடுவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானோ சென்னைக்குப் போய் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மலையையும் ஆற்றையும் எழுத ஆரம்பித்தேன். 1910ஐ ஒட்டிய வருஷங்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் படம் என்றால் சாமி படம். இல்லையென்றால் செத்துப்போனவரின் போட்டோவைப் பார்த்துப் பெரிதாக்கி எழுதுகிற உருவப்படம். மலையை எழுதினால் எவன் வாங்குவான்? எப்போதாவது ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கொண்டுபோக வாங்குவார். எப்போதாவது ஒரு பெரிய வீட்டுக்காரர் புது பங்களா கட்டினால் கூப்பிட்டு அனுப்புவார்.

என்னுடைய வழி எளிமையானது. எதை எழுதுகிறேனோ அதன் முன்னால் உட்கார்ந்து எழுதுவேன். வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுத மாட்டேன். காலையில் ஆரம்பித்த படத்தைச் சாயங்காலம் தொட மாட்டேன். அதே நேரம், அதே வெயில் மறுநாள் வரட்டும் என்று படம் எழுதுகிற கித்தான் துணியைச் சுருட்டாமல் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். மழை பெய்து விட்டிருக்கும் காலையில் மேற்கு மலை கிட்டத்தில் வந்து நிற்கும். அதில் உள்ள வெடிப்பும் ஓடைத்தடமும்கூடத் தெரியும். பங்குனியில் அதே மலை புகை மாதிரி எங்கோ தள்ளிப் போய்விடும். தாமிரபரணியில் எந்த நேரத்திலும் நீங்கள் பூசுகிற அந்த நீலம் கிடையாது. விடியலில் அது சாம்பல். வெயில் ஏறினால் மணலின் நிறம். மரத்தடியில் கரும்பச்சை. இதைக் கண்ணால் பார்க்கிறவன் தன் கையால் வேறு விதமாகப் பூச முடியாது. பூசினால் அவன் பார்க்கவில்லை என்று அர்த்தம், அல்லது பார்த்ததை மறைக்கிறான் என்று அர்த்தம்.

களக்காட்டுப் பக்கம் பச்சையாற்றுப் பாசனத்தில் ஒரு பண்ணையார் இருந்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிதாக மாடி வைத்து மெத்தை வீடு கட்டியிருந்தார். கூடத்துச் சுவரில் மாட்ட அவருடைய நிலபுலன் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய எண்ணெய்ச் சாயப் படம் வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார். போட்டோ எடுக்கிறவரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். போட்டோவில் வயலும் சாம்பல், மலையும் சாம்பல். அவருக்கு நிறம் வேண்டும்.

ஊருக்குத் தெற்கே ஒரு பாறைப் பொத்தை, சின்னக் குன்று. ஏறி நின்றால் எல்லாம் தெரியும். மேற்கே மலை. மலையடியிலிருந்து வருகிற வாய்க்கால், அதைக் கால் என்போம். காலின் மேல்பக்கத்தில் பண்ணையாரின் வயல்கள். காலின் தண்ணீர் அவற்றைத் தாண்டி ஒரு மடை வழியாகக் கீழே இறங்கினால் கீழூர்க்காரர்களின் சின்னச் சின்ன வயல்கள். அதற்கப்பால் பனங்காடு. அந்தப் பொத்தையில் குடையை நட்டு, கார்த்திகை மாதம் ஆரம்பித்தேன். மேலே கீழே என்று பேதமில்லாமல் எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை.

அந்த வருஷம் மழை பாதியில் நின்றுவிட்டது. மார்கழியில் கால் மெலிந்தது. ஒருநாள் காலையில் நான் பொத்தையில் ஏறும்போது, மேல்வயல் முடிகிற இடத்தில் மடையை அடைத்து மண்ணும் கல்லும் போட்டு உயர்த்தியிருந்தார்கள். பண்ணையாரின் ஆட்கள் இரண்டு பேர் கம்போடு காவல் நின்றார்கள். மறுவாரமே கீழ்வயலில் பச்சை வெளுத்தது. பிறகு மஞ்சளித்தது. தை பிறக்கும்போது மண் வெடித்து, பயிர் துரும்பாகிவிட்டது. மேலே கதிர் வாங்கித் தலை சாய்ந்து நிற்கிறது. கீழே காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு.

கீழூரில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. இரண்டு சிறு வயலும் கொஞ்சம் ஆடும் வைத்திருந்தாள். பொத்தைப் பக்கம் ஆடு மேய்க்க வருவாள். வந்தால் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் போவாள். தை மாதம் ஒரு காலையில் அவள் ஆடுகளைத் தன் வயலுக்குள்ளேயே இறக்கிவிட்டாள். தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அவளுக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. பயிர் நிற்கிற வயலில் எந்த உழவுக்காரியும் ஆட்டை விடமாட்டாள். அந்த ஆடுகளையும் எழுதினேன். கீழ்வயலின் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அம்பர் என்கிற மண்நிறத்தை மெல்லியதாக இழுத்து, அதன் மேல் வெள்ளையும் கறுப்புமாக ஆடுகள். படம் முடிந்தது. மூலையில் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே வழக்கம்போல மாதத்தையும் எழுதினேன். தை.

பண்ணையார் படத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கெட்ட மனிதர் மாதிரியே தெரிய மாட்டார், மெதுவாகப் பேசுவார்.

“அருமையா வந்திருக்கு வே. மலை எந்திரிச்சு வந்து நிக்குத மாதிரி இருக்கு. அந்தக் கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் பச்சையைப் போட்டுரும்.”

“அங்கன பச்சை இல்லையே, ஐயா.”

“நீரு வந்து உக்காந்த அன்னைக்கு இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு.”

“பொறவு என்ன? இருந்ததைத்தான போடச் சொல்லுதேன். இல்லாததையா போடச் சொல்லுதேன்?”

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இப்படித்தான் கேட்பார்கள். பொய் சொல் என்று யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். ஒரு பழைய உண்மையை எடுத்து இன்றைய இடத்தில் வை என்றுதான் கேட்பார்கள். கார்த்திகையில் என் கையாலேயே அந்தப் பச்சையைப் பூசியிருக்கிறேனே. பிறகு படத்தைப் பார்த்தேன். பதில் அதிலேயே இருந்தது.

“மேல்வயல்ல கதிர் வாங்கி நிக்கி, ஐயா. அது தை மாசம். கீழ்வயலை மட்டும் கார்த்திகையில நிறுத்தி வைக்கச் சொல்லுதியளே. ஒரு படத்துக்கு ஒரு நேரந்தான் உண்டு.”

அவர் கோபப்படவில்லை. உம்ம இஷ்டம் என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். படம் அவருடைய சுவரில் மாட்டியாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் இசக்கியம்மாள் பாளையங்கோட்டைக்கு என் வீடு தேடி வந்தாள். கூட அவள் தம்பியும் வந்திருந்தான். முந்தின நாளே கிளம்பி நடந்து வந்திருக்கிறார்கள். வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீரே, ஐயா. நாங்க உமக்கு என்ன செஞ்சோம்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தம்பிதான் நடந்ததைச் சொன்னான். மடையை அடைத்ததைப் பற்றிக் கீழூர்க்காரர்கள் சர்க்காருக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். விசாரிக்க அந்தப் பகுதி அதிகாரி, ஒரு வெள்ளைக்காரத் துரை, வந்தார். பண்ணையாரின் மெத்தை வீட்டில் இறங்கினார். கூடத்தில் என் படம். மேல்வயலும் பச்சை, கீழ்வயலும் பச்சை. மூலையில் என் கையெழுத்து, அதன் கீழே தை. எந்தப் பக்கமும் சேராத ஓவியர், வாரக்கணக்கில் பொத்தையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எழுதியது என்று பண்ணையாரின் காரியஸ்தர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். துரைக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தன் முகாமுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கீழூர்க்காரர்களைக் கூப்பிட்டு, தை பிறந்த பிறகும் உங்கள் வயலில் பயிர் நின்றிருக்கிறது, பிறகு காய்ந்தது உங்கள் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு யார் மேல் முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த வயல் மெத்தை வீட்டிலிருந்து அரை மைல். எழுந்து நடந்திருந்தால் போதும். வயலைப் பார்க்காமல் வயலின் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஒரு மனிதரை நான் என் ஆயுளில் அன்றுதான் கேள்விப்பட்டேன். பண்ணையாராவது தன் நெல்லுக்காகச் செய்தார். இவருக்கு என்ன கேடு? வெயிலா?

ஆனால் எல்லாவற்றையும் விட அந்தப் பச்சைதான் என்னைச் சுட்டது. அதை ஒரு கை பூசியிருக்கிறது. எண்ணெய்ச் சாயம் தெரிந்த கை. நம் ஜில்லாவில் அப்போது அப்படிப்பட்டவர்கள் என்னையும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் என் மலையோடு சேருகிற மாதிரி வயலுக்குப் பச்சை பூசக்கூடியவன் ஒருவன்தான் உண்டு.

வேலாயுதம். சென்னையில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். திருநெல்வேலி டவுணில் தெற்கு ரதவீதிக்குப் பின்னால் ஒரு நெட்டைக் கொட்டகையில் நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் திரைகள் எழுதிக்கொண்டிருந்தான். என்னை விட அவனுக்குக் கை வேகம் அதிகம். அது நான் பூசிய பச்சை இல்லை என்று இசக்கியம்மாளிடம் சொல்லி, அவளையும் தம்பியையும் என் வீட்டில் சாப்பிட வைத்துவிட்டு, நான் நேரே ஆற்றைத் தாண்டி டவுணுக்குப் போனேன். தரையில் விரித்த ஒரு பெரிய காட்டுச் சீனின் மேல் அவன் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் தூரிகையைக் கீழே வைத்தான். நான் ஒன்றும் கேட்கும் முன்னாலேயே அவன் முகம் சொல்லிவிட்டது.

பூசச் சொன்னார்கள், பூசினேன் என்றான். இதில் என்ன இருக்கிறது என்றான். இதோ இந்தக் காட்டையும் நான்தான் எழுதுகிறேன், அடுத்த வாரம் இதே கையால் அரண்மனையும் எழுதுவேன், இது நிஜக் காடா என்று எந்த ஊரில் எவன் வந்து கேட்டான் என்றான்.

“சீன்ல உன் பேரும் இல்லை, மாசமும் இல்லை. பார்க்கவனுக்கு அது சீன்னு தெரியும். என் படத்துல ஏன்லே கை வச்ச? வச்சதுதான் வச்ச, என் கையெழுத்தை அழிச்சிட்டு வச்சிருக்கலாம்லா?”

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அதை மட்டும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவனும் நானும் நண்பர்கள் இல்லை. எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தே போயிருக்கிறான். சாயத்தில் எண்ணெய் எவ்வளவு ஊற்றினாய் என்று மட்டும் கேட்டேன். தூரிகை சீக்கிரம் இழுக்க வேண்டும் என்று தாராளமாக ஊற்றினேன் என்றான். என்னோடு வந்து துரையிடம் சொல்கிறாயா என்று கேட்டேன். அவன் குனிந்து மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய் அதிகம் விட்ட சாயம் மேலே ஆடை கட்டினாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அம்பர் அப்படி இல்லை. அது சீக்கிரம் இறுகுகிற மண். ஆகவே அவனுடைய பச்சை இன்னும் ஈரப் பச்சையாகவே இருக்கும். அதன் அடியில் என் மண் இறுகியிருக்கும். சாயத்தைக் கரைக்கிற டர்பென்டைன் ஒரு குப்பியும் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்த துணிகளும் எடுத்துக்கொண்டு, மறுநாள் இசக்கியம்மாளோடும் அவள் தம்பியோடும் வண்டி பிடித்து முகாமுக்குப் போனேன்.

ஒரு மாந்தோப்பில் கூடாரம். அதன் முன்னால் நிழலில் ஒரு நாற்காலியில் என் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வேறு ஏதோ காரியமாகப் பண்ணையாரும் காரியஸ்தரும் வந்திருந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. கீழூர் ஆட்கள் சிலர் வெளியே வேலியோரம் நின்றார்கள். துரை என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். மலையை இப்படி எழுதியவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்று பாராட்டினார். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் எனக்குக் கைகொடுத்தது. மலை என்னுடையது, கீழ்வயலின் பச்சை என்னுடையது இல்லை என்றேன்.

காரியஸ்தர் சிரித்தார். கேட்ட கூலி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் இவர் இப்படிப் பேசுகிறார் என்று துரையின் குமாஸ்தாவிடம் சொன்னார். எதை வைத்து நம்புவது என்று துரை கேட்டார். நான் குப்பியை எடுத்தேன்.

கையை வைக்கும் முன் யோசித்தேன். அழுத்தித் துடைத்தால் அவனுடைய பச்சையோடு என் மண்ணும் கரைந்து, இரண்டும் சேர்ந்து சேறு மாதிரி ஒரு நிறம் வரும். பாருங்கள், நல்ல படத்தை இவரே அழுக்காக்கிவிட்டு வயல் காய்ந்தது என்கிறார் என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். வெறும் மண்நிறம் வந்தாலும் அதே கதைதான். துணியால் தேய்த்து உண்டாக்க முடியாத ஒன்று அடியிலிருந்து வரவேண்டும். எங்கே ஆரம்பிப்பது? கோட்டின் அருகிலா, பனங்காட்டின் ஓரத்திலா? அப்போதுதான் ஆடுகள் ஞாபகம் வந்தன. அவன் ஆடுகளின் மேலும் பூசியிருக்கிறான். இடம் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன்.

துணியின் நுனியை நனைத்து, அந்த இடத்தில் மெல்ல ஒற்றினேன். ஒரே திசையில் ஒரு இழுப்பு. அந்தத் துணியைக் கீழே போட்டுவிட்டு வேறு துணி. மறுபடி ஒரு இழுப்பு. பண்ணையார் எழுந்து, துரை வைத்திருக்கிற படத்தில் கை வைக்கிறான், தடுங்கள் என்று சொல்வது காதில் விழுந்தது. யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் கையை நிறுத்தவில்லை. பச்சைக்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளை முதுகு தெரிந்தது. பிறகு குனிந்த தலை. அதன் பக்கத்தில் கறுப்பாக இன்னொன்று. அவற்றின் காலடியில் வெடித்த மண்.

தோளில் இருந்த கை எடுபட்டது. துரை கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தார். நெல்வயலுக்குள் ஏன் ஆடு மேய்கிறது என்று கேட்டார். வேலியோரம் நின்ற இசக்கியம்மாளைக் காட்டினேன். குமாஸ்தா அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“தண்ணி வராதுன்னு தெரிஞ்சு போச்சு. ஆடாவது திங்கட்டும்னு விட்டேன்” என்றாள் அவள்.

துரை தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். இது வருந்தத்தக்கதுதான், ஆனாலும் ஒரு படத்தை விசாரணையில் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பண்ணையாரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு அதிகாரியிடம் அப்படிப் பேசியதில்லை. பச்சையாக இருந்தபோது இந்தப் படம் சாட்சியாக இருந்தது, மண்ணாக இருக்கும்போது மட்டும் எப்படி ஆகாமல் போகும் என்று கேட்டேன். நான் நிறுத்தவில்லை. என்னையும் நம்ப வேண்டாம், படத்தையும் நம்ப வேண்டாம், வயல் அங்கேதான் கிடக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, வந்து பாருங்கள் என்றேன்.

துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. என்னைத் தோப்பை விட்டு வெளியே தள்ளச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

எல்லோரும் பின்னால் நடந்தோம். பண்ணையாரும் நடந்தார். மேல்வயலில் அறுப்புக்கு முந்தின பொன்னிறம். மடையில் மண்ணும் கல்லும் அப்படியே இருந்தன. காவல்காரர்கள் துரையைக் கண்டதும் கம்பைக் கீழே போட்டார்கள். மடைக்குக் கீழே துரை குதிரையை விட்டு இறங்கி, வயலுக்குள் கால் வைத்தார். அவருடைய பூட்ஸ் வெடிப்புக்குள் போயிற்று. ஒரு பயிரைப் பிடித்து இழுத்தார். துரும்பாகக் கையோடு வந்தது. அங்கேயே நின்று, அடைப்பை எடுக்கச் சொன்னார். இனிமேல் காலின் தண்ணீர் மேலுக்கும் கீழுக்கும் முறை வைத்துப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மடையில் தண்ணீர் இறங்கிய சத்தம் கேட்டபோது கீழூர்க்காரர்கள் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அந்தப் பிசானம் போனது போனதுதான். மடைக்கு ஒட்டினாற்போல் இருந்த இரண்டொரு வயலில் மட்டும் பயிர் கொஞ்சம் தேறியது. மற்றவர்கள் அடுத்த போகமான கார் சாகுபடி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இருந்த மாதங்களை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு வந்ததையும் கேளுங்கள். பண்ணையார் ஒரு சொந்தக்காரர் வீடு விடாமல் சொல்லி வைத்தார். வள்ளியூரிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஒரு பெரிய வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். அப்பா நினைத்தது கடைசியில் அப்படி நடந்தது. அந்த வீடுகளின் வேலையெல்லாம் வேலாயுதத்துக்குக் கிடைத்தது. துரைக்கு நேர்மையானவர் என்று நல்ல பெயர். இதில் எதுவும் எனக்கு இன்றைக்கும் சமாதானமாக இல்லை. நல்லது செய்தால் நல்லது வரும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் கதை கிடையாது.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் ஒருவர் போன மாதம் எழுதிய ஆற்றுப் படத்தைப் பார்த்தேன். கரையில் சுடுகாடு இருக்கிற இடத்தில் ஒரு பூந்தோட்டம். ஏன் என்று கேட்டதற்கு, ஜவுளிக்கடை அண்ணாச்சி கேட்டார், கடையில் மாட்டுகிற படம்தானே என்று பதில் வந்தது. பூந்தோட்டம் வேண்டுமென்றால் பூந்தோட்டத்தைத் தேடிப் போய் எழுதுங்கள். சீன் எழுதுங்கள், நானே வந்து பாராட்டுகிறேன். ஆனால் இது இன்ன ஊர், இன்ன ஆறு, நான் பார்த்தேன் என்று கீழே பெயரைப் போட்டுவிட்டு, கண்ணில் பட்டதை எடுத்துவிடாதீர்கள். உங்கள் படத்தை யார் எங்கே கொண்டுபோய் எதற்குக் காட்டுவான் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்னொருவனின் படத்தில் கை வைக்கும்படி எவனாவது அழைத்தால், எதற்கு என்று கேளுங்கள். கையெழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டுவிடு என்று அவன் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி துடைத்த படத்தைத் துரை வைத்துக்கொள்ளவில்லை. பண்ணையார் திரும்ப எடுக்கவில்லை. முகாம் கலைந்தபோது அது தோப்பிலேயே கிடந்திருக்கிறது. நானும் போய் எடுக்கவில்லை. அதைப் பார்க்கிற பொறுமை எனக்கு அப்போது இல்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில் அந்தப் பக்கம் போனேன். கீழ்வயல் நட்டு முடிந்திருந்தது. இசக்கியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டாள். பின்பக்கம் சமையலுக்கு ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தாள். அதன் கூரையில் ஓலைக்கு அடியில் ஒரு கித்தான் விரித்துக் கட்டியிருந்தது. அளவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தோப்பில் கிடந்த என் படம்.

“நல்ல துணி, ஐயா. இந்த ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு இறங்கலை” என்றாள்.

எழுதிய பக்கம் மேலே, ஓலையைப் பார்த்து இருந்தது. உள்ளே எங்களைப் பார்த்து வெறும் முதுகுப்பக்கம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை காலை அந்தப் பொத்தையில் உட்கார்ந்திருக்கிறேன். மழையும் ஓலையும் பட்டுச் சாயம் உரிந்துபோகுமே, படத்தை உள்ளே பார்த்து வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன்.

அவள் அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கி வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“உள்ள பார்த்து வச்சா, சமைக்கையிலயும் திங்கையிலயும் அந்தக் காஞ்ச வயலைத்தான பார்த்துக்கிட்டு இருக்கணும்? அது எனக்குத் தெரியாததா? நான் பார்க்கதுக்கா நீரு அதை எழுதினீரு, ஐயா? பார்க்க வேண்டியவன் பார்த்துட்டான்.”

நான் மேலே பார்க்காமல் உட்கார்ந்து, அவள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தேன்.